வேலையை விடாமல் படிக்க: நெல்லையிலிருந்து எந்த வழி யாருக்கு?

“கரஸ்ல ஒரு டிகிரியைப் போட்டு வைப்போம்”, அதாவது தொலைதூரக் கல்வியில் ஒரு பட்டம் வாங்கி வைப்போம் என்ற பேச்சு நெல்லைச் சீமையில் ஜவுளிக்கடையிலும் கேட்கும், காற்றாலை ஷெட்டிலும் கேட்கும், பீடி சுற்றும் திண்ணையிலும் கேட்கும். போட்டு வைப்பது லேசு. அந்தச் சான்றிதழை நாளைக்கு யார் மேசையில் நீட்டப் போகிறோம் என்று யோசிக்காமல் போட்டு வைத்தால்தான் வில்லங்கம். டிஎன்பிஎஸ்சி சான்றிதழ் சரிபார்ப்பில் கேட்பது ஒன்று, தனியார் கம்பெனி எச்.ஆர். கேட்பது ஒன்று, சட்டக் கல்லூரி சேர்க்கையில் கேட்பது வேறொன்று. ஆகவே “எந்த யுனிவர்சிட்டி நல்லது?” என்ற கேள்வியைச் சற்றுத் தள்ளி வைத்துவிட்டு, அந்தக் கடைசி மேசையிலிருந்து பின்னோக்கி வருவோம். பாதிக் குழப்பம் அதிலேயே தீர்ந்துவிடும்.

பிளஸ் டூ இல்லையென்றால் முதலில் அதுதான்

அரசு வேலையோ பதவி உயர்வோ குறி என்றால், தமிழ்நாட்டில் படிப்பின் வரிசைக்குத் தனி மதிப்பு உண்டு. பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ, அதற்குப் பிறகு பட்டம். 2009 ஆகஸ்டில் பணியாளர் மற்றும் நிர்வாகச் சீர்திருத்தத் துறை போட்ட அரசாணை 107 இதை முடிவாகச் சொல்லிவிட்டது. பத்தும் பிளஸ் டூவும் தேறாமல் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் நேரடியாக வாங்கிய பட்டம் அரசுப் பணிக்கு எடுபடாது. பதினெட்டு வயதானால் போதும், ஆயத்தப் படிப்பு ஒன்றை எழுதிவிட்டு நேரே பி.ஏ. சேரலாம் என்று யாராவது சொன்னால், சொல்வது பொய்யாக இருக்க வேண்டியதில்லை. அப்படிச் சேர்ந்து வாங்கும் பட்டத்தை வைத்துத் தனியார் வேலைக்குப் போகலாம், மனத்திருப்திக்கும் படிக்கலாம். குரூப் 2 கனவை மட்டும் அதன்மேல் கட்டக் கூடாது. இந்த வழியில் எம்.ஏ. வரை போய், சரிபார்ப்பு நாளன்று விஷயம் தெரிந்து திரும்பியவர்கள் எல்லா ஊரிலும் உண்டு.

பத்தோ பிளஸ் டூவோ பாக்கி இருப்பவர்களுக்கு இரண்டு வழி. ஒன்று, அரசுத் தேர்வுகள் இயக்ககத்தில் தனித்தேர்வராக எழுதுவது. இன்னொன்று, தேசிய திறந்தநிலைப் பள்ளி நிறுவனமான என்ஐஓஎஸ். என்ஐஓஎஸ்ஸில் ஐந்து பாடம் போதும். ஒரு தடவை பதிந்தால் ஐந்து வருடம் செல்லும், அதற்குள் ஒன்பது முறை எழுதிப் பார்க்கலாம். ஒரே மூச்சில் எல்லாப் பாடமும் எழுத முடியாதவருக்கு அது வசதி. ஆனாலும் குறி தமிழ்நாடு அரசு வேலை என்றால் தனித்தேர்வர் வழியைத்தான் சொல்வோம். மாநில வாரியச் சான்றிதழைப் பார்த்து இங்கே எந்த மேசையும் இரண்டாவது கேள்வி கேட்காது. தமிழில் எழுதலாம், புத்தகம் எந்த ஊர்க் கடையிலும் கிடைக்கும்.

தனித்தேர்வர்கள் தடுக்கி விழும் இடம் பெரும்பாலும் தேர்வு அறை கிடையாது, விண்ணப்பத் தேதிதான். இயக்ககம் அறிவிக்கும் சேவை மையத்துக்கு நேரில் போய்ப் பதிய வேண்டும். அந்த அவகாசம் சில நாட்கள்தான். தவறினால் கூடுதல் பணம் கட்டித் தட்கலில் பதியலாம், அதுவும் தவறினால் அடுத்த தேர்வுதான். பத்தாம் வகுப்பு முதன்முறை எழுதுபவர்களுக்கு அறிவியல் செய்முறைப் பயிற்சி கட்டாயம் என்பதையும் பலர் கடைசி நேரத்தில்தான் கேள்விப்படுகிறார்கள். செய்முறைக்குத் தனியாக முன்கூட்டியே பெயர் கொடுக்க வேண்டும். அதை விட்டவர் எழுத்துத் தேர்வில் நல்ல மார்க் எடுத்தும் அறிவியலில் நின்றுபோவார்.

பத்து முடித்து, பேட்டை அரசு ஐடிஐ போன்ற இடத்தில் இரண்டாண்டு டிரேடு முடித்தவர்களுக்கு ஒரு குறுக்குவழி உண்டு. மறுபடி முழு பிளஸ் டூ எழுத வேண்டியதில்லை. தமிழ், ஆங்கிலம் ஆகிய மொழித்தாள்களை மட்டும் தனித்தேர்வராக எழுதித் தேறினால் பிளஸ் டூவுக்கு இணை என்ற சான்று வாங்கலாம். ஃபிட்டராகவும் எலக்ட்ரீசியனாகவும் பத்து வருடம் வேலை பார்த்துவிட்டவர்களில் பாதிப் பேருக்கு இது தெரியவே தெரியாது.

மூன்று பல்கலைக்கழகங்கள், மூன்று குணம்

பிளஸ் டூ கையில் இருக்கிறது, பி.ஏ., பி.காம். அல்லது எம்.ஏ. வேண்டும் என்பவருக்கு இங்கிருந்து நடைமுறையில் மூன்று வாசல்: அபிஷேகப்பட்டி, சைதாப்பேட்டை, டெல்லி. சட்டப்படி மூன்றும் ஒரே தராசுதான். யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) அனுமதி பெற்ற படிப்பாக இருந்தால், தொலைநிலையில் வாங்கிய பட்டமும் கல்லூரிக்குப் போய் வாங்கிய பட்டமும் சமம் என்று 2020-ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகள் சொல்கின்றன. வித்தியாசம் பட்டத்தின் மதிப்பில் இருக்காது. மொழியில், தூரத்தில், தேர்வு முறையில், தப்பு நடந்தால் யாரைப் போய்ப் பார்ப்பது என்பதில் இருக்கும்.

அபிஷேகப்பட்டியில் இருக்கும் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் 1990-இல் தொடங்கியது. நெல்லை, தென்காசி, தூத்துக்குடி, குமரி ஆகிய நான்கு மாவட்டங்களும் அதன் எல்லை. அதன் தொலைநெறிக் கல்வி இயக்ககத்தின் பெரிய பலம் பாடப்புத்தகத்தைவிடப் பக்கத்தில் இருப்பதுதான். மார்க் ஷீட்டில் பெயர் தப்பாக வந்துவிட்டதா, ஒரு தாளின் மதிப்பெண் ஏறவில்லையா, ப்ரொவிஷனல் சான்றிதழ் வரவில்லையா, காலையில் பேட்டை தாண்டிப் போகிற பஸ்ஸில் ஏறினால் மதியத்துக்குள் ஆளைப் பார்த்துக் கேட்டுவிட்டு வரலாம். தொலைதூரக் கல்வியில் படித்தவர்களைக் கேளுங்கள், இந்த ஒரு வசதி எவ்வளவு பெரிது என்று சொல்வார்கள். அதே நேரம் செமஸ்டர் முறை ஆறு மாதத்துக்கு ஒரு தேர்வைக் கொண்டுவந்து முன்னால் நிறுத்தும். எந்தெந்தப் படிப்புக்கு அந்தப் பருவத்தில் அனுமதி இருக்கிறது என்பதும் சேரும் முன் பார்க்க வேண்டிய ஒன்று. அனுமதியைப் பல்கலைக்கழகத்தின் பெயரை மட்டும் வைத்துப் பார்த்துவிட்டு விடக் கூடாது. நீங்கள் சேரும் படிப்பும் சேரும் பருவமும் பட்டியலில் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். போன வருடம் பக்கத்து வீட்டுப் பையன் சேர்ந்தான் என்பது இந்த வருடத்துக்குச் சாட்சி ஆகாது.

தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 2002-இல் வந்தது. தலைமையிடம் சென்னை சைதாப்பேட்டை. தமிழ்வழியில் படிக்க வேண்டும் என்பவருக்கு முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான். பாடநூலே தமிழில் எழுதப்பட்டிருக்கும் படிப்புகள் நிறைய. வரலாறு, பொது நிர்வாகம் போன்ற பாடங்கள் போட்டித் தேர்வுக்கும் அப்படியே கைகொடுக்கும், ஒரே படிப்பில் இரண்டு வேலை முடியும். எல்லை தமிழ்நாடு முழுவதும் என்பதால், படிப்பு பாதியில் இருக்கும்போது திருப்பூருக்கோ சென்னைக்கோ வேலை மாறினாலும் பல்கலைக்கழகத்தை மாற்ற வேண்டியதில்லை. குறை என்றால் சான்றிதழ்ச் சிக்கல் வந்தால் கடைசியில் சைதாப்பேட்டைதான். நெல்லை எக்ஸ்பிரஸ் டிக்கெட்டையும் படிப்புச் செலவில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

தமிழ்வழி என்றதும் ஒரு எச்சரிக்கை. தமிழ்வழியில் படித்தவர்களுக்கு அரசுப் பணியில் 20 சதவீத முன்னுரிமை உண்டு என்பதற்காகவே சிலர் பட்டத்தைத் தமிழ்வழியில் எடுக்கிறார்கள். 2010-இல் வந்த அந்தச் சட்டம் 2020-இல் திருத்தப்பட்டது. இப்போது பள்ளியிலிருந்தே தமிழ்வழியில் படித்திருக்க வேண்டும். மெட்ரிக்குலேஷனில் படித்தவர் பி.ஏ.வை மட்டும் தமிழில் எழுதி அந்த ஒதுக்கீட்டுக்குள் நுழைய முடியாது.

மூன்றாவது, டெல்லியில் இருக்கும் இக்னோ என்ற இந்திரா காந்தி தேசிய திறந்தநிலைப் பல்கலைக்கழகம். 1985-இல் நாடாளுமன்றச் சட்டத்தால் வந்தது. மூன்றிலும் அதிகம் வளைந்துகொடுப்பது அதுதான், அதிகம் ஒழுங்கு கேட்பதும் அதுதான். எம்.ஏ. இரண்டு வருடப் படிப்பு, ஆனால் நான்கு வருடம் வரை அவகாசம். முதல் வருடத் தாள்கள் பாக்கி இருந்தாலும் இரண்டாம் வருடத்துக்குப் பணம் கட்டிப் பதியலாம். ஜூன், டிசம்பர் என்று இரண்டு தேர்வு. முடிகிற தாளை இப்போது எழுதி, முடியாததை அடுத்ததற்குத் தள்ளலாம். ராணுவத்தில் இருப்பவர், ரயில்வேயில் இருப்பவர், மும்பைக்கும் பெங்களூருக்கும் மாறிக்கொண்டே இருப்பவருக்கு இதைவிடத் தோதான இடம் கிடையாது. ஆனால் பெரும்பாலான பாடங்கள் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான். வட்டார மையம் நெல்லையில் இல்லை, எதுவானாலும் இணையதளத்திலும் மின்னஞ்சலிலும் பேசிப் பழக வேண்டும்.

இக்னோவில் விழுபவர்கள் விழும் குழி ஒன்றே ஒன்று, அசைன்மென்ட். பொதுவாக ஒரு தாளுக்கு அசைன்மென்ட் 30 சதவீதம், பருவ இறுதித் தேர்வு 70 சதவீதம். இரண்டிலும் தனித்தனியாகத் தேற வேண்டும். இளநிலைக்கு 35, முதுநிலைக்கு 40. தேர்வில் 80 மார்க் எடுத்தும் அசைன்மென்ட் கொடுக்காததால் அந்தத் தாள் முடியாமல் தொங்குவது சர்வ சாதாரணம். தேர்வுக்கு ஒன்றிரண்டு மாதம் முன்னதாகவே அதன் கெடு முடிந்துவிடும். கையால் எழுத வேண்டும், ஏ4 தாளில். முதல் பக்கத்தில் பதிவு எண், படிப்புக் குறியீடு, தாள் குறியீடு, மையக் குறியீடு. அந்தந்தப் பருவத்துக்கான கேள்வித்தாளைத்தான் எழுத வேண்டும். போன வருடக் கேள்வியை ஜெராக்ஸ் கடையில் வாங்கி எழுதிக் கொடுத்தால் எழுதிய கை வலிதான் மிச்சம். கொடுக்கும் முன் ஒரு நகல் எடுங்கள், கொடுத்ததற்கு ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். ஆறு மாதம் கழித்து மதிப்பெண் ஏறவில்லை என்று எழுதும்போது அந்தச் சீட்டைத் தவிர வேறு எதுவும் பேசாது.

இந்த மூன்றில் ஒன்றைச் சொல்லுங்கள் என்றால்: தமிழில் எழுதப் பிரியப்படுபவர், டிஎன்பிஎஸ்சி குறியாக இருப்பவர் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்துக்குப் போகலாம். நான்கு மாவட்டத்துக்குள்ளேயே இருக்கப் போகிறவர், கடைசி நாளில் ஆளைப் பார்த்துக் கேட்டால்தான் நிம்மதி என்பவர் அபிஷேகப்பட்டிக்குப் போகலாம். ஊர் ஊராக மாறுபவரும் ஆங்கிலத்துக்குப் பயப்படாதவரும் இக்னோவுக்கு. கட்டண வித்தியாசத்தைப் பார்த்து முடிவெடுக்க வேண்டாம். அரியர் விழுந்து ஒரு வருடம் கூடுதலாக இழுத்தால் அந்த மிச்சம் கரைந்துவிடும். தாழ்த்தப்பட்ட, பழங்குடி வகுப்பினருக்குக் குறிப்பிட்ட படிப்புகளில் இக்னோ கட்டண விலக்கு தருகிறது. அவர்கள் மட்டும் அதை முதலில் விசாரித்துக்கொள்வது நல்லது.

மணிக்கணக்கு

ஒரு கிரெடிட் என்றால் 30 மணி நேரப் படிப்பு. எம்.ஏ. 80 கிரெடிட். ஆக 2,400 மணி நேரம். இரண்டு வருடத்தில் முடிக்க வாரத்துக்கு 23 மணி நேரம் வரும். எட்டு மணி நேர வேலையும் போக்குவரத்தும் வீடும் இருக்கிற ஆளுக்கு இது கதைக்காகாது. நான்கு வருடமாகப் பரப்பினால் வாரம் பதினொன்றரை மணி. காலையில் ஒரு மணி நேரம், ஞாயிற்றுக்கிழமை ஐந்து மணி நேரம் என்றால் ஓடிவிடும். கணக்குப்படி எல்லாரும் அத்தனை மணி நேரமும் படிப்பதில்லைதான், ஆனாலும் பாதியாவது வேண்டும். ஆகவே குறைந்தபட்ச காலத்தை இலக்காக வைக்காமல், அதிகபட்ச காலத்துக்குச் சற்று முன்னால் முடிப்பதாகத் திட்டம் போடுங்கள். முதல் தேர்வுக்கே எல்லாத் தாளுக்கும் பணம் கட்டி, பாதியைக் கோட்டை விட்டு, மனம் வெறுத்து நிறுத்துகிறவர்களே அதிகம். முதல் பருவத்தில் இரண்டு தாள் எழுதித் தேறுவது ஆறு தாளுக்குக் கட்டிவிட்டுப் போகாமல் இருப்பதைவிட மேல்.

நம்மூர் நாட்காட்டியையும் பக்கத்தில் வையுங்கள். ஜூன் மாதம் தாமிரபரணிப் பாசனத்தில் கார் பருவ நெல் நடவு. அதையொட்டி ஆனித் தேரோட்டம். கிராமங்களில் சித்திரையிலிருந்து ஆடி வரை அம்மன் கோயில் கொடையும் சுடலைமாடன் கொடையும் ஊருக்கு ஊர் வரும். வயல் வேலையோ கொடைக்கு வரி பிரிக்கும் பொறுப்போ இருக்கிறவர் ஜூன் தேர்வை இலேசாக வைத்துக்கொண்டு, கனமான தாள்களை டிசம்பருக்குத் தள்ளலாம். அடுத்த பருவமான பிசான நடவு அதற்குள் முடிந்திருக்கும், அறுவடைக்கு இன்னும் நாள் இருக்கும். ஜவுளிக்கடையிலும் நகைக்கடையிலும் நிற்பவருக்குத் தீபாவளி முடிந்த மறுவாரம்தான் மூச்சு வரும். அவருக்கு டிசம்பர் தேர்வுக்கான அசைன்மென்ட் கெடு தீபாவளிக் கூட்டத்துக்குள்ளேயே விழும். ஆவணியிலேயே எழுதி முடிக்காவிட்டால் அவர் எழுதப் போவதில்லை.

முக்கூடல், ஆலங்குளம் பக்கம் பீடி சுற்றும் பெண்களுக்கு வேறு கணக்கு. வீட்டு வேலை என்பதால் நேரம் கையில் இருப்பது போலத் தெரியும். ஆனால் கூலி ஆயிரத்துக்கு இவ்வளவு என்று எண்ணிக்கைக்குத்தான். புத்தகத்தை எடுத்த நேரம் கூலியில் குறையும். இப்படிப்பட்டவர்களுக்குத் தேர்வு மையம் எங்கே விழுகிறது என்பது கட்டணத்தைவிடப் பெரிய செலவு. பாளையங்கோட்டையில் பத்து மணித் தேர்வு என்றால் ஒரு நாள் கூலி போச்சு, பஸ் காசும் போச்சு. விண்ணப்பத்தில் மையத்தைத் தேர்ந்தெடுக்கும் கட்டத்தை அவசரத்தில் ஏதோ ஒன்றாக நிரப்பாமல், உண்மையிலேயே பக்கத்தில் இருப்பதைப் பார்த்துப் போடுங்கள்.

டிப்ளமோக்காரர்களுக்கு

கங்கைகொண்டான் சிப்காட், தாழையூத்து, கூடங்குளம், மகேந்திரகிரி, பணகுடிக் காற்றாலைகள் என்று பாலிடெக்னிக் முடித்தவர்கள் நிறைந்த மாவட்டம் இது. இவர்களிடம் தொலைதூரத்தில் பி.இ. தருகிறோம் என்று யார் வந்தாலும் வாசலோடு அனுப்பிவிடுங்கள். பொறியியலைத் தொலைநிலையில் நடத்த யுஜிசி விதியே இடம் தரவில்லை. நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் அஞ்சல்வழியில் கொடுத்த பொறியியல் பட்டங்களைப் பற்றி 2017 நவம்பரில் உச்ச நீதிமன்றம் கடுமையாகவே தீர்ப்பளித்தது. பழைய ஆட்கள் சொல்லும் ஏ.எம்.ஐ.இ. என்ற பொறியாளர் கழகத் தேர்வும் 2013 மே மாதத்துக்குள் பதிந்தவர்களுக்குத்தான் பட்டத்துக்கு இணை.

செல்லுபடியாகும் வழி பகுதிநேர பி.இ. நெல்லை அரசுப் பொறியியல் கல்லூரி 1981-இலிருந்து இருக்கிறது, பகுதிநேர பி.இ. சேர்க்கையில் இடம்பெறும் கல்லூரிகளில் அதுவும் ஒன்று. மாலை வகுப்பு, அண்ணா பல்கலைக்கழகப் பட்டம், அரசுக் கட்டணம். டிப்ளமோவோடு வேலை அனுபவமும் வேண்டும், வேலை பார்க்கும் இடம் கல்லூரியிலிருந்து குறிப்பிட்ட தூரத்துக்குள் இருக்கவும் வேண்டும். கேட்க நன்றாக இருக்கும், முடிப்பது கடினம். ஏ, பி, சி என்று சுழலும் ஷிப்டில் இருப்பவருக்கு மாதத்தில் ஒரு வாரமாவது வகுப்பு நேரமும் ஷிப்டும் முட்டும். சேரும் முன் நிர்வாகத்திடம் ஜெனரல் ஷிப்டோ இரவு ஷிப்டோ நிலையாகக் கேட்டு எழுத்தில் வாங்கிவிடுங்கள். சூப்பர்வைசர் வாய்வார்த்தையாகச் சொன்னது அவர் மாற்றலாகிப் போகும்வரைதான் செல்லும். ஒப்பந்தக்காரர் கீழ் இருப்பவர்களுக்கு அனுபவச் சான்றே சிக்கல். கம்பெனிக்குள் பத்து வருடம் வேலை பார்த்திருப்பார்கள், சான்று தர வேண்டியவர் ஒப்பந்தக்காரர், அவரோ இடையில் மாறியிருப்பார். பி.எஃப். பாஸ்புக்கும் சம்பளச் சீட்டும் கையில் இருந்தால் வேலை பார்த்ததை நிரூபிக்க வழி உண்டு. வருடாவருடம் அவற்றை எடுத்து வையுங்கள்.

கம்ப்யூட்டர் பக்கம் சாய விரும்பும் டிப்ளமோ, பி.எஸ்ஸி.காரர்களுக்கு இன்னொன்று இருக்கிறது. சென்னை ஐஐடி 2020-இல் தொடங்கிய டேட்டா சயின்ஸ் பி.எஸ். பட்டப்படிப்பு அது. நுழைவுத் தேர்வு தனியாக இல்லை, நான்கு வாரப் பாடத்தைப் படித்து அதில் தகுதி பெற வேண்டும். வகுப்பு இணையத்தில், முக்கியத் தேர்வுகள் நேரில். எடுத்த பாடத்துக்கு மட்டும் பணம் கட்டலாம், அடித்தளச் சான்றோடும் நிறுத்தலாம், டிப்ளமோவோடும் நிறுத்தலாம். முழுக்க முடித்தால் செலவு லட்சங்களில். குடும்ப வருமானம் குறைந்தவர்களுக்குக் கட்டணச் சலுகை உண்டு. ஆனால் வாராவாரம் அசைன்மென்ட் கெடு வரும், கணக்கு விடாது. கரஸ் மாதிரி கடைசி மாதத்தில் புரட்டிக்கொள்ளலாம் என்று போகிறவர் முதல் டெர்மிலேயே வெளியே வந்துவிடுவார்.

மூடிய கதவுகள்

மருத்துவம், நர்சிங், பார்மசி, பிசியோதெரபி, சட்டம், வேளாண்மை எதுவும் தொலைநிலையில் இல்லை. பி.எச்டி.யும் இல்லை. உளவியல் 2025 ஜூலை பருவத்திலிருந்து இந்தப் பட்டியலில் சேர்ந்துவிட்டது. கவுன்சலிங் வேலையை நினைத்து எம்.எஸ்ஸி. உளவியல் தேடும் பெண்கள் இதைக் கவனிக்க வேண்டும். உணவு ஊட்டச்சத்தியல், நுண்ணுயிரியல், உயிரித் தொழில்நுட்பமும் அதோடு போயின. இன்னும் சேர்க்கிறோம் என்று யாராவது சொன்னால் அது பழைய விளம்பரம், அல்லது புதிய பொய்.

சட்டம் படிக்க ஆசைப்படுபவர் நேரடிக் கல்லூரிக்குத்தான் போயாக வேண்டும். நெல்லையிலேயே அரசு சட்டக் கல்லூரி இருக்கிறது. ஆனால் பார் கவுன்சில் விதி 70 சதவீத வருகைப்பதிவு கேட்கிறது, முழுநேர வேலையோடு அது நேர்மையாக நடக்காது. நல்ல சேதி ஒன்று உண்டு. பத்தும் பிளஸ் டூவும் ஒழுங்காக முடித்து, பிறகு தொலைநிலையில் வாங்கிய பட்டத்தோடு மூன்றாண்டு சட்டப் படிப்புக்கு விண்ணப்பிக்கலாம்.

பி.எட். பற்றித்தான் அதிகம் தப்பாகப் பேசப்படுகிறது. எந்த டிகிரி இருந்தாலும் கரஸில் பி.எட். போட்டுவிடலாம் என்பது பழைய காலம். இப்போது தொலைநிலை பி.எட். இரண்டாண்டு, அதுவும் ஏற்கெனவே தொடக்கக் கல்வி ஆசிரியர் பயிற்சி முடித்தவர்களுக்கு. பயிற்சி பெறாமல் தனியார் பள்ளியில் பாடம் எடுப்பவருக்கு அந்த வாசல் இல்லை. அவர் இரண்டு வருடம் பாளையங்கோட்டைக்கோ வேறு ஊருக்கோ கல்லூரிக்குப் போய்த்தான் முடிக்க வேண்டும்.

பட்டம் தேவையா என்பதும் ஒரு கேள்வி

குரூப் 4 எழுதப் போகிறவருக்குக் கல்வித் தகுதி பத்தாம் வகுப்பு. தட்டச்சர் பணிக்குத் தமிழிலும் ஆங்கிலத்திலும் தட்டச்சுத் தேர்வு. மூன்று வருடம் கரஸில் இழுப்பதற்குப் பதில், டைப்பிங் இன்ஸ்டிடியூட்டில் காலை ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் இளநிலைக்கு நிமிடத்துக்கு 30 சொல் வேகமும், பிறகு முதுநிலைக்கு 45 சொல் வேகமும் வந்துவிடும். தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் வருடத்துக்கு இரண்டு முறை தேர்வு வைக்கிறது. கூடவே அதே இயக்ககத்தின் கம்ப்யூட்டர் ஆபீஸ் ஆட்டோமேஷன் சான்றும் எடுத்துவிட்டால் தட்டச்சர் வரிசையில் நிற்க எல்லாம் இருக்கும். நாற்பதை நெருங்குபவர்களுக்குப் பல சமயம் இதுதான் நல்ல யோசனை. பட்டம் பிறகு மெதுவாக வரட்டும்.

சேரும்போது: இனிஷியல் என்ற கண்ணி

2024-இலிருந்து தொலைநிலையிலோ இணையவழியிலோ பட்டப்படிப்பு சேர யுஜிசியின் தொலைநிலைக் கல்விப் பிரிவு தரும் டெப் ஐடி வேண்டும். அதற்கு முன் ஏபிசி ஐடி, அதாவது படிப்பு கிரெடிட்டுகளைச் சேர்த்து வைக்கும் கணக்கின் எண். அது டிஜிலாக்கர் வழியாக ஆதாரோடு இணைந்து வருவது. முதலில் ஏபிசி, அதை வைத்து யுஜிசி தளத்தில் டெப், அந்த எண்ணைப் பல்கலைக்கழக விண்ணப்பத்தில் போடுவது என்பதுதான் வரிசை. இ-சேவை மையத்தில் அரைமணி நேர வேலை, எல்லாம் பொருந்தினால்.

பொருந்தாது என்பதுதான் நம்மூர் நிலவரம். பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் பெயருக்குப் பின்னால் ஒரே ஒரு எழுத்து இனிஷியல். ஆதாரில் அப்பா பெயர் முழுசாக, அல்லது இனிஷியலே இல்லாமல். கல்யாணமான பெண்களுக்கு மார்க் ஷீட்டில் அப்பா இனிஷியல், ஆதாரில் கணவர் இனிஷியல். பிறந்த தேதியில் பள்ளியில் சேர்க்கும்போது போட்ட தேதி ஒன்று, உண்மைத் தேதி ஒன்று. இதில் எதைத் திருத்துவது என்று கேட்டால், ஆதாரைத்தான். மார்க் ஷீட்டில் பெயர் மாற்றுவது நீண்ட வேலை, ஆதாரில் மாற்றுவது சுலபம். ஆனால் ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறையும் பிறந்த தேதியை ஒரு முறையும்தான் மாற்ற விடுவார்கள். அவசரத்தில் பெயரைத் தப்பாக ஒரு முறை மாற்றிவிட்டால் மிச்சம் ஒன்றுதான். பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டைக் கையில் வைத்து, எழுத்துக்கு எழுத்து, இனிஷியல் முன்னால் வருகிறதா பின்னால் வருகிறதா என்பது உட்பட அப்படியே ஆதாரில் போடச் சொல்லுங்கள். பெயர் ஒன்றான பிறகு ஏபிசி ஐடி எடுங்கள், அதற்கு முன்னால் வேண்டாம்.

இன்னொன்று ஆதாரோடு இணைந்த மொபைல் எண். கடையநல்லூரிலும் மேலப்பாளையத்திலும் எத்தனையோ வீட்டில் ஓடிபி துபாய்க்குப் போகும். வளைகுடாவில் இருக்கிற கணவர் வேலையில் இருப்பார், பத்து நிமிடத்தில் ஓடிபி காலாவதியாகிவிடும். எண்ணை முதலில் உங்கள் பெயருக்கு மாற்றிவிட்டு மற்ற வேலையைத் தொடங்குங்கள்.

பலகையில் பெரிய பெயராகப் போட்டு நடக்கும் ஸ்டடி சென்டர்களில் பல்கலைக்கழகம் வேறு மாநிலத்தது என்றால் கொஞ்சம் நில்லுங்கள். ஒரு மாநிலப் பல்கலைக்கழகம் தன் எல்லைக்கு வெளியே தொலைநிலைக் கல்வி மையம் நடத்த முடியாது. ஆளுக்குக் குத்தகை விட்டு நடத்துவதும் விதிக்குப் புறம்பு. பணத்தைப் பல்கலைக்கழகத் தளத்திலேயே உங்கள் பெயரில் கட்டுங்கள். மையத்துக்காரர் ஜிபே எண்ணுக்கு அனுப்பிய பணத்துக்கு ரசீது அவர் சொல்வதுதான். “நீங்க வரவே வேண்டாம் அண்ணாச்சி, தேர்வை நாங்க பார்த்துக்கிடுதோம்” என்ற பேச்சு வந்தால் அதற்கு மேல் அங்கே விசாரிக்க எதுவுமில்லை.

அரசு ஊழியர்களும் அரசு உதவிபெறும் பள்ளி ஆசிரியர்களும் விண்ணப்பிக்கும் முன் மேலதிகாரியிடம் எழுத்தில் அனுமதி வாங்கிவிட வேண்டும். படித்து முடித்துப் பணிப்பதிவேட்டில் ஏற்றப் போகும்போது முதல் கேள்வியே அந்த அனுமதிக் கடிதத்தின் தேதிதான், படிப்பில் சேர்ந்த தேதிக்கு முந்தியதாக இருக்க வேண்டும். உயர்கல்விக்கான ஊக்க ஊதிய உயர்வு 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டு, பின்னர் ஒரே தடவை தரும் தொகையாக மாறிவிட்டது. மாதாமாதம் சம்பளம் கூடும் என்று கணக்குப் போட்டு எம்.ஏ. சேர்பவர்கள் அந்தக் கணக்கை அழித்துவிட்டுப் பதவி உயர்வுக்கான தகுதி என்ற ஒன்றை மட்டும் வைத்து முடிவெடுக்கலாம். பதவி உயர்வின்போது பட்டத்தின் உண்மைத்தன்மைச் சான்றையும் கேட்பார்கள். பல்கலைக்கழகத்திலிருந்து அது வரச் சில மாதம் ஆகலாம், ஆகவே பட்டம் கைக்கு வந்த உடனேயே அலுவலகம் வழியாக எழுதிக் கேட்டு வைத்துவிடுங்கள்.